மாமா என்றால் இங்கே அப்பா

இந்த வீட்டில் காலையில் என் காதில் விழும் முதல் சொல் மாமா. ஆறு வயதுத் தமுனா படிக்கட்டில் நின்று அதைக் கத்துவாள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்து அறையில் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன். அவள் கூப்பிடுவது என்னையல்ல, தன் தகப்பன் சூராவை. ஜோர்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா. அம்மாவுக்குத் தேதா என்று வேறு சொல் இருக்கிறது. இதை நான் அறிந்து இரண்டு திராட்சை அறுவடை போய்விட்டது. எனக்குத் தெரிந்தது என் கழுத்துக்கு இன்னும் தெரியவில்லை, அது தன்பாட்டில் திரும்புகிறது. அதைவிட விசித்திரம், சூரா அவளுக்குச் சொல்லும் பதில். "மோதி, மாமா" என்பான். மோதி என்றால் வா. தகப்பன் மகளைப் பார்த்து அப்பா என்கிறான். பிள்ளை தன்னை எப்படிக் கூப்பிடுகிறதோ அதே சொல்லால் பெற்றவர் பிள்ளையைக் கூப்பிடுவது இவர்களுடைய வழக்கம். தாயும் அப்படியே, மகளைத் தேதா என்பாள். முதல் மாதம் இவர்களுக்கு முறை தெரியாது என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, நாங்களும் மகளை "இஞ்சை வா அம்மா" என்றும் மகனை "என்ன அப்பு" என்றும் கூப்பிடுகிறவர்கள்தானே. ஊரில் இருக்கும்வரை அது ஒரு விசித்திரமாக என் காதில் பட்டதேயில்லை.

நான் முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று என்ற ஊரில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை இடம்பெயர்வு தின்றுவிட்டது. அதன் பிறகு படித்ததெல்லாம் லொறியிலும் கப்பல்துறையிலும் கட்டடச் சாரத்திலும் படித்ததுதான். ஜோர்ஜியாவுக்கு வர நான் விரும்பியதில்லை. ஏஜென்சிக்காரன் போலந்து என்று சொன்னான். போலந்துக்குப் போகிற வழியில் ஜோர்ஜியாவில் கொஞ்சநாள் நிற்க வேண்டும் என்றான். நிற்கிறேன். தலைநகரில் பாண் சுடுகிற வெதுப்பகம் ஒன்றில் மாவு சுமந்தேன், பிறகு காகெட்டி என்ற இந்தத் திராட்சைப் பக்கத்துக்கு வந்தேன். சூராவிடம் பெரிய தோட்டம் இல்லை. மலையடிவாரத்தில் சில வரிசைகள், வீட்டுக்குக் கீழே நிலத்தில் புதைத்த மண்சாடிகளில் வைன், அவ்வளவுதான். கொடி வெட்டுவது, கம்பியில் கட்டுவது, களை பிடுங்குவது என் வேலை. வந்த முதல் நாளே அவன் ஒரு புல்லைக் காலால் உதைத்துக் காட்டி, கெட்ட வார்த்தை சொல்லி, இதை விடாதே என்றான். குனிந்து பார்த்தால் அறுகு. எங்கள் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அறுகு. அதைப் பிடுங்கித்தான் இங்கே சாப்பிடுகிறேன்.

மாமா என்ற சொல் என்னை அலைக்கழிப்பது இது முதல் தடவையல்ல. கட்டாரில் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் கென்யாக்காரன் ஒருவன் இருந்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் ஊருக்குத் தொலைபேசி எடுத்து மாமா, மாமா என்று உருகுவான். தாய்மாமனில் இவ்வளவு பாசமான ஒருவனை நான் கண்டதில்லை என்று அவனில் எனக்குப் பெரிய மரியாதை. தாய்மாமன் இல்லை, தாய்தான் என்று பிறகு தெரிந்தபோது மரியாதை கொஞ்சம் குறைந்தது உண்மை. தாயில் பாசம் எல்லாருக்கும் இருக்கும்தானே. அதற்கு முன்னர், போர் முடிந்து ஏ-ஒன்பது பாதை திறந்த காலத்தில், வவுனியாவிலிருந்து சீமெந்து ஏற்றும் லொறியில் உதவியாளாக இருந்தேன். சாரதி பண்டார அனுராதபுரத்துச் சிங்கள மனிசன். அவர் வாயைத் திறந்தால் மம என்றுதான் தொடங்கும். மம யனவா, நான் போகிறேன். மம கன்னே நே, நான் சாப்பிடுவதில்லை. சிங்களத்தில் மம என்றால் நான். ஒரு நாள் என் அக்கா மகள் தர்சினியை முல்லைத்தீவு ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் லொறியில் ஏற்றி வந்தோம். ஏழெட்டு வயது இருக்கும். இருவருக்கும் நடுவில் இருந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தவள், தண்ணீரூற்றுச் சந்தியில் இறங்கியதும் என் சறத்தைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, இந்த மாமா ஏன் தன்னைத் தானே கூப்பிடுறார்? அவரைக் கூப்பிட ஒருத்தரும் இல்லையோ?"

பண்டாரவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். அதன் பிறகு எங்கள் பக்கம் லொறி போகும் போதெல்லாம் அவளுக்கென்று ஒரு பை கொய்யாப்பழம் இருக்கும். அவளும் அவரைத் "தன்னைக் கூப்பிடுற மாமா" என்றே சொல்லி வளர்ந்தாள்.

அந்தத் தர்சினிக்குத்தான் இந்த ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை பரந்தனில் மோட்டார்சைக்கிள் திருத்துகிற பொடியன், விருப்பத்தில் தொடங்கிப் பேச்சில் முடிந்தது. பதிவும் முடிந்து, படமும் எனக்கு வந்தது. தாலிகட்டுக்கு நாளும் வைத்து, அழைப்பிதழ்க் காட் அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்றிருந்த நேரத்தில் அக்கா எடுத்தா. நான் வரிசையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, காட் அடிக்கக் குடுக்கேலாமல் கிடக்கு."

"என்ன, பிரஸ் பூட்டோ?"

"பிரஸ் திறந்துதான் கிடக்கு. நான்தான் பூட்டிக்கொண்டு நிக்கிறன். மாப்பிளையின்ரை தாய் கேக்கிறா, அத்தான்ரை பேருக்கு முன்னாலை அமரர் போடுறதோ விடுறதோ எண்டு."

அத்தானைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அக்காவின் புருசன், தர்சினியின் தகப்பன், தண்ணீரூற்றில் உழவு இயந்திரம் வைத்திருந்தவர். பாட்டு நன்றாக வராது, ஆனால் பாடுவார். போரின் கடைசி நாட்களில் கடற்கரைப் பக்கம் தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தபோது, ஒரு காலை தண்ணீர் எடுத்துக்கொண்டு வாறன் என்று கானைத் தூக்கிக்கொண்டு போனார். வரவில்லை. பார்த்தோம் என்று சொன்ன ஒருவரும் இல்லை, உடலைக் கண்டோம் என்று சொன்னவரும் இல்லை. அக்கா அன்று வைத்திருந்த பொட்டை இன்றுவரை அழிக்கவில்லை. அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. திவசம் இல்லை. வருடத்தில் பல நாள், காணாமல்போனவர்களைத் தேடுகிற மற்றப் பெண்களோடு அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் இருந்துவிட்டு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் வைப்பா. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிய கதை இல்லை. வன்னியில் இப்படி ஒரு வீடு இல்லாத ஒழுங்கை எது?

ஆனால் கல்யாணக் காட்டில் கதையில்லாமல் தப்ப முடியாது. இறந்த தகப்பன் என்றால் பெயருக்கு முன்னால் அமரர் வரும். உயிரோடு இருந்தால் திரு வரும். இரண்டுக்கும் நடுவில் போட எங்கள் பாசையில் ஒரு சொல் இல்லை. அமரர் என்றால் சாகாதவர் என்றுதான் அர்த்தமாம், பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் சொன்னது எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் காட்டில் அதைப் படிக்கிற சனம் வேறு மாதிரித்தான் படிக்கும்.

"அவா குறையாச் சொல்லேல்லை," என்றா அக்கா. "அமரர் போடாட்டி, மணவறையிலை தேப்பன் எங்கை எண்டு சனம் கேக்குமாம். போட்டால், எப்ப செத்தவீடு செய்தனீங்கள், எங்களுக்குச் சொல்லேல்லையே எண்டு கேக்குமாம். அவா கேக்கிறதும் சரிதானே."

"நீ என்ன சொன்னனீ?"

"தம்பியைக் கேக்கிறன் எண்டனான். நீதானே தாய்மாமன். நீ சொல்லு, நான் செய்யிறன். போடு எண்டால் போடுறன். போட்டிட்டுப் பொட்டையும் அழிக்கிறன். ஆனால் என்ரை வாயாலை அவர் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன்."

பின்னால் தர்சினியின் குரல் கேட்டது. "அம்மா, மாமாவைக் கரைச்சல்படுத்தாதேங்கோ. காட் இல்லாமலே செய்வம்." அக்கா அவளைப் பார்த்து, "காட் இல்லாமல் செய்ய இதென்ன களவுக் கல்யாணமோ?" என்றா. பிறகு எனக்கு: "ஆவணி போனால் புரட்டாதி, புரட்டாதியிலை கலியாணம் வைக்கேலாதாம். கெதியாச் சொல்லு." வைத்துவிட்டா.

அன்று முழுக்க நான் ஒரே வரிசையில் நின்றேன் போலிருக்கிறது. ஒரு மனிதன் இருக்கிறானா இல்லையா என்று, அவன் போன கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில், மண்வெட்டியோடு நின்று நான் சொல்ல வேண்டும். ஊரில் தாய்மாமனுக்கு வேலைகள் உண்டு. காது குத்தும்போது மடியில் வைத்திருக்க வேண்டும், பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நான் ஊரில் இருக்கவில்லை, வேறு யாரோ செய்தார்கள். மூன்றாவதாக வந்த வேலை இது. சாயந்தரம் ஏஜென்சிக்காரனின் செய்தி வந்தது. போலந்துக்கு ஒரு வழி திறந்திருக்கிறதாம், உடனே வெளிக்கிட முடியுமா என்றான். என் கை தானாகவே பையைத் தேடியது. எனக்கு ஒரு ஊரில் ஏதும் முட்டினால் அடுத்த ஊர் கண்ணுக்குள் வந்துவிடும். இந்த முறை பையை எடுத்தேன், பார்த்தேன், பிறகு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். எந்த நாட்டுக்குப் போனாலும் தொலைபேசி கூட வரும்.

சூரா தற்செயலாகத்தான் இதற்குள் வந்தான். அடுத்த நாள் மதியச் சாப்பாட்டில் என் கையிலிருந்த பதிவுப் படத்தை எட்டிப் பார்த்தான். கல்யாணம் என்று கையால் காட்டினேன். அவன் தர்சினியைத் தொட்டு, பிறகு புருவத்தை உயர்த்தி, "மாமா?" என்றான். ஓம் என்று நெஞ்சைத் தொட்டேன். எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினான். இவ்வளவு சந்தோசம் எதற்கென்று எனக்கு உடனே ஓடவில்லை. ஓடியபோது அவன் கோழி பிடிக்கப் போய்விட்டான். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற தகப்பனை இவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

அன்றைக்கு மேசை போட்டார்கள். அயல் வீட்டுக்காரர் இருவர் வந்தார்கள். இவர்களுடைய விருந்தில் நினைத்தபோது குடிக்க முடியாது. ஒருவர் மேசைத் தலைவராக இருந்து ஒவ்வொன்றுக்காகவும் பேசுவார், பேசி முடிந்த பிறகுதான் கிண்ணம் வாய்க்குப் போகும். சூராதான் தலைவன். சமாதானத்துக்குப் பேசினான், மணமக்களுக்குப் பேசினான், மூன்றாவதாக எழுந்து நின்று மணமகளின் மாமாவுக்கு என்று சொல்லி என்னைப் பார்த்தான். எல்லாரும் எழும்பினார்கள். எனக்குக் கிண்ணம் தூக்க முடியவில்லை. அத்தானுக்குச் சேர வேண்டிய கிண்ணம் அது. தொலைபேசியை எடுத்து மொழிபெயர்ப்புப் பெட்டியில் எழுதினேன்: நான் இவளுடைய தாயின் தம்பி. இவளுடைய தகப்பன் போரில் தண்ணீர் எடுக்கப் போனார், திரும்பி வரவில்லை. சூரா அதை வாங்கிச் சத்தமாக வாசித்தான். எழும்பியவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். தமுனா மட்டும் கோழிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சூரா ஒரு துண்டுப் பாணை எடுத்து என் கையில் வைத்தான். தன் கையிலும் ஒன்று எடுத்தான். இறந்தவர்களுக்காகக் கிண்ணம் எடுக்கும்போது பாணில் கொஞ்சம் வைன் ஊற்றுவது இவர்களுடைய முறை. ஊற்றும்போது பெயர் சொல்ல வேண்டும். அவன் தன் தமையனின் பெயர் சொல்லி ஊற்றினான். அயல்காரர்கள் ஊற்றினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல மனதோடுதான் பார்த்தார்கள். நான் பாணைப் பிடித்தபடி நின்றேன். ஊற்றிவிட்டால் முடிந்தது. காட்டுக்கு ஒரு பதிலும் கிடைத்துவிடும். யாரும் அறியப் போவதில்லை, அக்காவும் அறியமாட்டா. ஆனால் கை சரியவில்லை.

"மொக்வ்தா?" என்று கேட்டான் சூரா. செத்துவிட்டாரா?

"அர் விட்ஸி," என்றேன். தெரியாது. இந்த மொழியில் நான் முதலில் படித்ததும் அதிகம் பாவித்ததும் அந்தச் சொல்தான்.

சூரா கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தான். பிறகு என் கையிலிருந்த வைன் படாத பாணை வாங்கிக் கூடையில் திரும்ப வைத்தான். கிண்ணத்தை நிரப்பி, வேறு ஒரு பேச்சைத் தொடங்கினான். வழியில் இருப்பவர்களுக்காக என்றான். வீட்டைவிட்டுப் போய் இன்னும் வந்து சேராத எல்லாருக்குமாக. இதுவும் இவர்களுடைய மேசையில் எப்போதும் வருகிற பேச்சுத்தானாம். ஆடு மேய்க்கப் போனவனுக்கும், ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவனுக்கும், எல்லாருக்கும் சேர்த்து. அயல்காரரில் மூத்தவர் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, மேசை சிரித்தது. பிறகு அதைத் தொலைபேசியில் எழுதிக் காட்டினார்கள். இவனும் வழியில்தான் இருக்கிறான், போலந்துக்குப் போகிற வழியில் எங்கள் புல்லைப் பிடுங்குகிறான். நானும் சிரித்தேன். குடித்தேன்.

மறுநாள் அக்காவுக்கு எடுத்தேன். வழியில் இருப்பவர்களைப் பற்றி நான் அவவுக்கு விளக்கவில்லை. எங்கள் ஊரிலேயே அதற்கு ஒரு ஒழுங்கு இருப்பது எனக்கு வரிசையில் நடக்கும்போது ஞாபகம் வந்திருந்தது.

"அக்கா, உங்கை தேப்பன் வெளிநாட்டிலை நிண்டால் கலியாணத்தை எப்படிச் செய்யினம்?"

"எப்படிச் செய்யிறது, சித்தப்பனும் சித்தியும் நிண்டு தாரைவாத்துக் குடுப்பினம். காட்டிலை தேப்பன்ரை பேர் கிடக்கும். ஏன் கேக்கிறாய்?"

"அதைச் செய். திரு எண்டு அடி. அத்தான்ரை தம்பியும் பெண்சாதியும் நிக்கட்டும்."

"என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"என்ன பொய்? ஆள் எங்கை எண்டு தெரியாது, கதைச்சுக் கனகாலம், வரேல்லை. வெளிநாட்டிலை நிக்கிற எத்தினை பேரின்ரை கதை உதுதானே."

"எந்த நாடு எண்டு கேட்டால்?"

"நான் நிக்கிற நாடு எண்டு சொல்லு. இஞ்சை தேப்பனையும் மாமா எண்டுதான் சொல்லுறவை. நானும் அவரும் ஒரு பேரிலை நிக்கிறம்."

அக்கா சிரித்தா என்றுதான் நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தது. பிறகு, "மாப்பிளையின்ரை தாய் ஒத்துக்கொள்ள வேணுமே," என்றா. அவா ஒத்துக்கொண்டாவாம். ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, அக்காவுக்கே சொல்லிக் கொடுத்தாவாம். "ஆரும் கேட்டால் விசாப் பிரச்சினை எண்டு சொல்லுங்கோ. சனத்துக்கு அது விளங்கும்." அவவுடைய சொந்தத் தம்பியும் அப்படித்தானாம், கப்பலேறியவர், கடிதம் இல்லை. அவருக்கும் அவா விசாப் பிரச்சினை என்றுதான் சொல்லி வருகிறாவாம். காட் அடித்துப் படமாக எனக்கு அனுப்பினார்கள். அத்தானின் பெயருக்கு முன்னால் திரு இருந்தது. இவ்வளவு காலத்தில் அவருடைய பெயரை நான் அச்சில் பார்த்தது, அவரைத் தேடுகிற பதாகை ஒன்றிலும் இதிலும்தான்.

கல்யாண நாளன்று தர்சினி ஒன்று கேட்டிருந்தாள். தாலி கட்டி முடிந்ததும் தொலைபேசியை மணவறைக்குக் கொண்டுவருவார்களாம், நான் அறுகும் அரிசியுமாக அறுகரிசி போட்டு வாழ்த்த வேண்டுமாம். நான் போக முடியாது. இங்கேயிருந்து வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள், போனால் போனதுதான். காலையிலேயே எழும்பி முகம் கழுவி, இருந்த ஒரே வெள்ளைச் சேட்டைப் போட்டேன். கடை அரிசியில் மஞ்சள் கலந்தேன். அறுகுக்கு எங்கும் போகத் தேவையில்லை. வரிசைக்குள் இறங்கி ஒரு பிடி பிடுங்கினேன். நுனியை மட்டும் கிள்ள வேண்டும் என்பது தெரியும், ஆனால் கை களை பிடுங்கிப் பழகிய கை, கணுவும் வேருமாகத்தான் வந்தது. பரவாயில்லை என்று விட்டேன். தொலைபேசியை ஒரு கொடியின் அடியில் கல்லில் சாய்த்து வைத்தேன்.

படம் வந்தபோது முதலில் ஒருவருடைய முழங்கை தெரிந்தது, பிறகு வாழைமரம், பிறகு சித்தப்பாவும் சித்தியும் ஈரக் கையோடு. பிறகு தர்சினி. கூறைச்சேலைக்குள் அவளை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. யாரோ தொலைபேசியைத் தரையில் படுக்க வைத்தார்கள் போல, பந்தல் துணி தெரிந்தது, பிறகு இரண்டு பேரும் குனிந்து அதைக் கும்பிட்டார்கள். என் பக்கத்திலும் தொலைபேசி சரிந்து நிலத்தில் விழுந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது. எடுக்க நேரமில்லை. முழங்கால், தோள், தலை என்று அங்கே தொட்டுப் போட வேண்டியதை, இங்கே எந்த இடத்தில் எது என்று தெரியாமல் தொலைபேசிக் கண்ணாடியின் மேலேயே போட்டேன்.

"மாமா, உங்களைத் தெரியேல்லை," என்றது தர்சினியின் குரல். "அரிசிதான் தெரியுது."

"அதுதான் நான்," என்றேன்.

அங்கே சிரித்தார்கள். பிறகு அக்காவின் குரல் வந்தது, தொலைபேசிக்கு மிக நெருங்கி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "தம்பி, அவருக்காண்டியும் ஒருக்காப் போட்டுவிடு."

கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போட்டேன். அரிசியைத் துடைத்துத் தொலைபேசியை எடுத்தபோது படம் போய்விட்டிருந்தது. கோழிகள் அதற்குள் வந்துவிட்டன. படிக்கட்டில் தமுனா என்னைக் காட்டித் தகப்பனிடம் ஏதோ கேட்டாள். சூரா என்ன பதில் சொன்னான் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா என்ற சொல் அதற்குள் இருந்தது. அவளைக் கூப்பிட்டானா, என்னைச் சொன்னானா, தன்னைச் சொன்னானா தெரியாது.

ஏஜென்சிக்காரன் மறுபடியும் எடுத்தான். அறுவடை முடியட்டும் என்றேன். கோபப்பட்டான். அடுத்த கிழமை அந்த வரிசைக்குக் களை பிடுங்கப் போனேன். அரிசியைக் கோழிகள் ஒன்றும் விடவில்லை. அறுகைத் தொடவில்லை. கொடியின் அடியில், சொட்டுநீர்க் குழாய் கசிகிற இடத்தில், கணுவொன்று வேர்விட்டு இரண்டு இலை நிமிர்ந்து நின்றது. மேலே நின்று சூரா பார்த்துக்கொண்டிருந்தான். மண்வெட்டியை ஓங்கினேன், பிறகு அதைத் தாண்டி அடுத்த கொடிக்குப் போனேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. போலந்தோ வேறெதுவோ, நான் போன பிறகு அவன் அதைப் பிடுங்குவான்.